ஹெம்ப் போட்டு பிரிக்கெட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். பாதி தென்னை, மீதி மானாவாரி. மச்சான் பொள்ளாச்சியில் பிரிக்கெட் மெஷின் (பயிர்க் கழிவுத் தூளை அழுத்தி எரிகட்டையாக்குவது) ஓட்டுகிறார். ஐரோப்பாவில் ஹெம்ப் தண்டை எரிபொருளாக்குகிறார்களாமே, மானாவாரியில் அதைப் போட்டு அவருக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: விதை தேடுவதற்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள். ஹெம்ப் என்பது போதைச் சத்து மிகக் குறைந்த கஞ்சாச் செடிதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றி கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல். நாருக்கும் விதைக்கும் அனுமதி தர அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உத்தராகண்ட் 2018-இல் அப்படி உரிமம் வழங்கத் தொடங்கியது. உங்கள் பெயரில் அரசு உரிமம் இல்லாமல் ஒரு விதைகூட ஊன்ற வேண்டாம். தண்டை ஏற்றிக்கொண்டு மாநில எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

உரிமமே கிடைத்தாலும் உங்கள் ஊர்ப் பகல் பொழுது ஒத்துவராது. பகல் நீளமாக இருக்கும்வரை வளர்ந்து, குறையும்போது பூக்கும் செடி இது. ஐரோப்பியக் கோடையில் பகல் 16 மணி நேரம் நீள்வதால் அங்கே ஆளுயரத்தைத் தாண்டுகிறது. பாலக்காட்டில் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டாது. அந்த இரகங்கள் இங்கே குட்டையாக நின்று சீக்கிரமே பூத்துவிடும், தண்டு தேறாது.

எரிபொருளாக ஹெம்ப் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. நன்றாகக் காய்ந்த தண்டு கிலோவுக்குச் சுமார் 4,300 கிலோ கலோரி தரும். சாம்பலும் உமியைவிட மிகக் குறைவு. தொல்லை நாரில் இருக்கிறது. முழுத் தண்டை நறுக்கும் கட்டரில் விட்டால் நார் ஷாஃப்டில் சுற்றிச் சுற்றி இறுகி, பேரிங் சூடேறி மெஷின் நின்றுவிடும். அதனால் நாரை உரித்து விற்றுவிட்டு, மிஞ்சும் உள்தக்கையை எரிக்கக் கொடுப்பதுதான் புத்தி. நாருக்கு ஆலை இல்லாத ஊரில் எரிப்பதற்கென்றே இதை வளர்த்தால் காசு நிற்காது. போதாததற்கு, நறுக்கிய தண்டு பஞ்சு மாதிரி: வண்டி நிறையும், எடை ஏறாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மானாவாரியில் துவரை போடுவேன். பருப்பு வீட்டுக்கும் சந்தைக்கும், மார் (துவரைச் செடியின் தண்டு) மச்சானுக்கு. மரம்போல் கெட்டியான குச்சி, கட்டரில் சுற்றாது. வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். தென்னை மட்டை, பாளையையும் கலக்கலாம், ஆனால் அளவோடு. அவற்றில் பொட்டாசியம் அதிகம். கூடினால் பாய்லரில் சாம்பல் உருகிக் கல்போல் இறுகி, கிளிங்கர் பிடிக்கும்.

ஈரத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். பிரஸ்ஸுக்குப் போகும் தூளில் 10 சதவீதத்தை ஒட்டித்தான் ஈரம் இருக்கவேண்டும். மிஞ்சினால் உள்ளே ஆவி அடைபட்டு, கட்டை வெடிப்புவிட்டு உதிரும். அறுத்த மாரைக் களத்தில் நிமிர்த்திச் சாய்த்துக் காயவிட்டு, ஒடித்தால் 'படக்'கென்று முறிந்த பிறகே நறுக்குங்கள். முதலில் ஒரு டிராக்டர் பாரம் மட்டும் அனுப்புங்கள். அதில் வந்த கட்டையை ஈரம், சாம்பல், கலோரி மூன்றுக்கும் சோதனைக்கூடத்தில் பார்த்துவிட்டு மச்சானிடம் விலை பேசுங்கள்.