கண்ணுக்குள் இருந்து இரண்டு சொட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வயது 46. மூன்று வருஷமாக இடது கண் அடிக்கடி மங்குகிறது, கண் பிரஷரும் ஏறிவிடுகிறது. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்கிறார்கள். இந்தத் தடவை மதுரையில் பார்த்த டாக்டர், கண்ணுக்குள் இருக்கும் நீரை ஊசியால் எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். கண்ணில் ஊசி என்றதும் இவர் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ரத்தத்திலோ கண்ணீரிலோ பார்க்க முடியாதா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அவர் பயப்படுவது நியாயம்தான் அம்மா, கண்ணில் ஊசி என்றால் யாருக்குத்தான் பயம் வராது. ஆனால் ரத்தம் இதற்கு உதவாது. ஹெர்பிஸ், சின்னம்மை, சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோ வைரஸ் எல்லாம் நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் எப்போதோ வந்து தங்கிவிட்டவை, அதனால் ரத்தத்தில் அவற்றின் எதிர்ப்புப் புரதம் இருப்பதை வைத்து இந்தக் கண்ணைக் கெடுப்பது எது என்று சொல்ல முடியாது. கண்ணீர் வெளியே ஓடுவது. நமக்கு வேண்டியது கருவிழிக்குப் பின்னால், லென்ஸுக்கு முன்னால் தேங்கியிருக்கும் நீர். அங்கே மொத்தமே கால் மில்லிதான் இருக்கும், அதில் 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு எடுப்பார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிருமிநாசினியால் சுத்தம் செய்து, இன்சுலின் ஊசி அளவுக்கு மெல்லிய ஊசியால் கருவிழியின் ஓரத்தில் எடுப்பார்கள். சில நிமிஷ வேலை. எடுத்த நீரை இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணே ஊற வைத்துக்கொள்ளும். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று போன்றவை அபூர்வமாக வரலாம், அதனால் எடுத்த பிறகு வலியோ மங்கலோ கூடினால் அன்றைக்கே ஓடிப்போய்க் காட்ட வேண்டும்.

அந்த இரண்டு சொட்டில்தான் பி.சி.ஆர். செய்வார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே முறைதான். வைரஸின் மரபுப் பொருள் துளி இருந்தாலும் அதைத் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கிக் காட்டிவிடும். நீர் கொஞ்சம் என்பதால் எல்லாக் கிருமிக்கும் தேட முடியாது, கண்ணைப் பார்த்துச் சந்தேகப்படும் இரண்டு மூன்றைத்தான் டாக்டர் எழுதிக்கொடுப்பார்.

பிரஷர் ஏறி ஏறி இறங்கும் கண்ணில் சி.எம்.வி. இருக்குமோ என்று எனக்கும் தோன்றுகிறது, கடிதத்தை வைத்து அதற்கு மேல் சொல்லக் கூடாது. பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்றால், ஹெர்பிஸுக்குக் கேட்கும் அசைக்ளோவிர் சி.எம்.வி.க்குச் சரியாகக் கேட்காது, அதற்குக் கான்சைக்ளோவிர் வகை மருந்து வேண்டும். அதை மாத்திரையாக மாசக்கணக்கில் எடுத்தால் ரத்த அணுக்கள் குறையலாம், நடுநடுவே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், விலையும் அதிகம். குருட்டாம்போக்கில் ஆரம்பிக்கிற மருந்து இல்லை. வெறும் ஸ்டீராய்டை மட்டும் வருஷக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அந்தச் சொட்டை வாங்குவதை தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. 'நெகட்டிவ்' என்று வந்தால் வைரஸே இல்லை என்று அர்த்தம் இல்லை. கண் அடங்கியிருக்கும்போது எடுத்தாலோ, வைரஸ் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலோ அகப்படாமல் போகலாம். அதனால் கண் சிவந்து பிரஷர் ஏறியிருக்கும் நாளிலேயே போங்கள். ரூபெல்லா என்கிற ஜெர்மன் அம்மை போன்றவற்றுக்குக் கண் நீரிலும் அதே நாள் ரத்தத்திலும் எதிர்ப்புப் புரதத்தை அளந்து, கண்ணுக்குள் தனியாக உற்பத்தியாகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நம்மூர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேருக்கு இப்படிக் கண் அழற்சி வந்தது. காரணம் வைரஸ் இல்லை, எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா. அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்த்த அந்த நோயாளிகளின் கண் நீரில் பி.சி.ஆர். செய்தபோது அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நெற்றியில் அக்கி வந்து, ஊரில் குயவரிடம் காவியில் அக்கி எழுதிக்கொண்டோம். 12 நாள் கழித்துக் கண் சிவந்து வலிக்கிறது. டாக்டர் கண் நீர் எதுவும் எடுக்காமலே வைரஸ் மாத்திரை கொடுத்துவிட்டார். இது சரியா? மருமகள் ஆறு மாத கர்ப்பம், அம்மா பக்கத்தில் போகலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: சரிதான். அக்கி நெற்றியில் தெளிவாகத் தெரியும்போது, அதே பக்கக் கண் சிவந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது, ஊசி தேவையில்லை. கண் பின்னால் விழித்திரையிலும் பாதிப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் எடுக்கச் சொல்லலாம், அப்போதும் மாத்திரையை முதலில் தொடங்கிவிடுவார்கள். காவி பூசுவதோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கியிருந்தால் நல்ல பலன் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது மனசு சங்கடப்படுகிறது. மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் போகும் வாய்ப்பு அதிகம், அக்கம்பக்கத்தில் யாருக்கு வந்தாலும் இதைச் சொல்லுங்கள்.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் ஒரே வைரஸ்தான் காரணம், அதனால் மருமகளுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்திருந்தால் கவலை வேண்டாம். வந்ததா என்று தெரியாவிட்டால், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அம்மா அருகில் போகாமல் இருக்கட்டும். ஏற்கெனவே பழகியிருப்பார் என்பதால் பிரசவ டாக்டரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.