மிசிசிப்பி பிறக்குமிடத்தில் ஓர் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினியாபொலிஸில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைப் போன கோடையில் இட்டாஸ்கா ஸ்டேட் பார்க்குக்கு அழைத்துப் போனோம். மிசிசிப்பி தொடங்கும் இடத்தில் கல்மேல் நடந்து ஆற்றைக் கடந்தோம், படம் எடுத்தோம், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. “இதற்கா நாலு மணி நேரம் வண்டி ஓட்டினாய்?” என்றார் அப்பா. இந்த ஆண்டு ஓர் இரவு தங்கிப் பார்க்க நினைக்கிறோம். எதை, எந்த வரிசையில் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா கேட்டது நியாயம். நீங்கள் பார்த்தது பூங்காவிலேயே மனிதக் கை அதிகம் பட்ட இடம். ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் அந்த முனை முன்பு வெறும் சேறும் நாணலும்தான். 1930களில் அரசின் வேலைத் திட்டத்தில் வந்த தொழிலாளர்கள் சதுப்பைத் தூர்த்து, கரை அமைத்து, குறுக்கே கான்கிரீட் தடுப்பு போட்டு அதன்மேல் பாறைகளை அடுக்கினார்கள். நீங்கள் நடந்து கடந்தது அந்த வரிசையைத்தான். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்த இடம் சுவை குறையாது, கூடும்.

1832இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப் பயணி இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வார்கள். அவரை அழைத்து வந்தவர் ஒசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். அந்த மக்களுக்கு இந்த ஏரி ஏற்கெனவே நன்றாகத் தெரியும். ஆகவே அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. 1891இல் மினசோட்டா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் இது பூங்காவானது. ஆனால் உள்ளே இருந்த நிலத்தில் பெரும்பகுதி மரக் கம்பெனிகளின் கையில் இருந்ததால் மரம் வெட்டுவது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோக அவர்கள் கட்டிய அணையால் ஏரி மட்டம் உயர்ந்து கரையோர மரங்கள் செத்தன. 1903இல் தந்தை இறந்ததும் பூங்காப் பொறுப்பை ஏற்ற 24 வயது மேரி கிப்ஸ், அணையைத் திறக்கப் போனபோது, “நெம்புகோலைத் தொட்டால் சுடுவேன்” என்று மிரட்டிய மரக் கம்பெனி ஆள் முன்னாலேயே அதில் கை வைத்தார். வடக்குப் பக்கத்துப் பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயர்தான். அப்பாவுக்கு இந்தக் கதையை அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

இனி வரிசை. முதல் நாள் மதியம் பார்க் ரேப்பிட்ஸ் வழியாகத் தென்கிழக்கு வாயிலில் நுழையுங்கள். வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாள் சீட்டும் உண்டு, ஆண்டுச் சீட்டும் உண்டு. கிளம்பும் முன் கட்டணத்தை மாநில இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டில் அடிக்கடி பூங்கா போகிறவர்களுக்கு ஆண்டுச் சீட்டே லாபம், மாநிலப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் செல்லும். அன்று ப்ரீச்சர்ஸ் க்ரோவ் தோப்பும், டக்ளஸ் லாட்ஜ் என்ற தங்கும் விடுதிக்குப் பக்கத்து மரவீடுகளும் போதும். அங்கே ‘ஓல்ட் டைமர்ஸ் கேபின்’ சுவரைப் பாருங்கள். மரங்கள் அவ்வளவு பருமன், நான்கு மரம் அடுக்கியதிலேயே சுவர் முடிந்துவிட்டது.

தோப்பில் நிற்கும் சிவப்பு பைன்களுக்கு 250 வயதுக்கு மேல். ஊசியிலைக் கொத்தை எடுத்துப் பாருங்கள்: இரண்டு நீண்ட ஊசிகள் இருந்து, மடக்கினால் பட்டென்று ஒடிந்தால் சிவப்பு பைன், ஐந்து மெல்லிய ஊசிகள் என்றால் வெள்ளை பைன். பெரிய மரங்களுக்குக் கீழே சிவப்பு பைன் கன்றுகளைத் தேடினால் அரிதாகவே தென்படும். சிவப்பு பைன் விதை தடித்த சருகின்மேல் விழுந்தால் வேர் மண்ணை எட்டுமுன் காய்ந்துவிடும். தீ சருகை எரித்து மண்ணைத் திறந்துவிட வேண்டும். தடித்த பட்டை தாய்மரத்தைக் காக்கும். காட்டுத்தீயை ஆண்டுக்கணக்கில் அணைத்துக்கொண்டே வந்ததில் அந்தச் சுழற்சி அறுந்தது. இப்போது திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

வெள்ளை பைன் கன்றுக்குப் பகை மான். குளிர்காலத்தில் நுனிமொட்டைக் கடித்துவிட்டால் உயரம் அங்கேயே நின்றுவிடும். அதனால் இலையுதிர்காலத்தில் நுனியில் ஒரு சிறு தாளை மடித்துச் சுற்றி, ஊசிகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி இரண்டு மூன்று ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். ஊசியைப் பிடிக்காத தாள் காற்றில் பறந்துவிடும். மிக இறுக்கினால் வசந்தத்தில் தளிர் வளைந்து வளரும். மானுக்கு எட்டாத உயரம் வரும்வரை ஆண்டுதோறும் இதே வேலை. குழந்தைகள் குப்பை என்று நினைத்து அந்தத் தாளைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குள் ஆற்றின் தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். பத்துக்கு மேல் கூட்டம். கற்களில் பாசி வழுக்கும். பெரியவர்கள் கல்லை விட்டுவிட்டு, சற்றுக் கீழே உள்ள பாலத்தில் கடக்கட்டும். அங்கிருந்து வைல்டர்னெஸ் டிரைவ் என்ற காட்டுச் சாலை தொடங்குகிறது, சுமார் பத்து மைல். பெரும்பகுதி ஒருவழிப் பாதை; தாண்டிய இடத்துக்குத் திரும்ப வர முழுச் சுற்றும் சுற்றவேண்டும். முதலிலேயே வரைபடத்தில் இரண்டு நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன் காட்டெருமை வேட்டையாடிய இடம். 1937இல் சாலை போடும்போது எலும்புகள் கிடைத்தன. இன்னொன்று, பொஹால் ஏரிக்குப் போகும் அரை மைல் நடை. முதிர்ந்த பைன் காடு, அம்மாவும் மெதுவாக நடந்துவிடலாம். எய்ட்டன் ஹைட்ஸ் தீக்கண்காணிப்புக் கோபுரம் 100 அடி. முழங்கால் வலி இருப்பவர்கள் வேண்டாம்.

மே, ஜூனில் உண்ணித் தொல்லை அதிகம். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கு மட்டும், தோலில் தடவக்கூடாது. இரவில் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயும் நெருப்பும் வேண்டாம். மான் உண்ணி எள்ளளவுதான், லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

அப்பா அம்மா செப்டம்பர் கடைசிவரை இருப்பார்களானால் பயணத்தை அப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். கொசு அடங்கியிருக்கும், மேப்பிள் சிவந்திருக்கும். அந்த வாரங்களில் அறை கிடைப்பது கடினம், இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.