ஒரே வீடு, ஒரே தொற்று: எனக்கு மட்டும் ஏன் இந்தப் படபடப்பு?

கேள்வி: 2021 மே மாதம் எங்கள் வீட்டில் நால்வருக்கும் கொரோனா வந்து குணமாயிற்று. கணவரும் மாமியாரும் அதை மறந்தே விட்டார்கள். நான் மட்டும் இரவெல்லாம், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இன்றும் எங்கோ ஒரு புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நெஞ்சு படபடக்கிறது. அந்தக் கருவியைத் தேடி எடுக்கிறேன். “உனக்கு மனத்தைரியம் போதாது” என்கிறார் மாமியார். நான் கோழையா, டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை. கோழைத்தனம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அது உங்கள் நிலையை விளக்கவும் உதவாது, மாற்றவும் உதவாது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு கூடின என்றும், பெண்களும் இளையோரும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது.

ஆனாலும் ஒரே கூரையின் கீழ் இருவர் ஒரே செய்தியைக் கேட்டு ஒருவர் உறங்கப் போவதும் ஒருவர் விழித்திருப்பதும் ஏன் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. சிலருடைய மனம், கெட்ட செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்ளும். ‘என்ன ஆகுமோ தெரியவில்லை’ என்ற நிலையைத்தான் தாங்காது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியதை ஒட்டி நடந்த ஆய்விலும் இத்தகைய மனவாகு உடையவர்களிடம் பதற்றம் அதிகமாக இருந்தது. இன்னும் சிலருக்கு உடலில் எழும் சிறு மாற்றமே, ஓர் இருமலோ ஒரு படபடப்போ, ஆபத்தின் அறிகுறியாகத் தோன்றும். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது இவ்விரண்டும் உங்களிடம் சேர்ந்திருப்பதாக எண்ணுகிறேன்.

கொரோனாவுக்கு மூச்சுத்திணறல் ஓர் அறிகுறி. பதற்றத்துக்கும் அதுவே அறிகுறி. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், மூச்சு போதவில்லை என்றே தோன்றும். அந்த நேரத்திலும் ஆக்சிமீட்டர் 98 அல்லது 99 என்றுதான் காட்டும். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் சற்றுத் தவறாக இறங்கவும் கூடும், அதைக் கண்டதும் படபடப்பு இரட்டிப்பாகும்.

98 என்று பார்த்த பிறகும் மனம் ஏன் அடங்குவதில்லை? அந்த எண் இந்த நிமிடத்துக்கான பதில். உங்கள் மனம் கேட்பதோ அடுத்த நிமிடத்தைப் பற்றி. பார்த்தவுடன் கிடைக்கும் நிம்மதி சிறிது நேரமே நிற்கிறது. அதைவிடத் தீங்கானது, ‘பார்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கற்றுக்கொள்வது. அந்நாட்களில் நீங்கள் செய்தது சரியே. 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று மருத்துவர்களே சொன்னோம், நீங்கள் கேட்டீர்கள். நோய் போன பிறகு அந்தக் காவலை எப்போது இறக்கி வைப்பது என்பதைத்தான் நாங்கள் சொல்லித் தரவில்லை. இதை ஒரு மருத்துவனாக வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

இனி அந்தக் கருவியைக் கைக்கெட்டாத பரணில் வையுங்கள். காய்ச்சலோ உண்மையான மூச்சுத்திணறலோ வந்து, மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். எடுக்க வேண்டும் என்ற உந்துதல் வரும்போது பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கிப் பாருங்கள். அலை ஏறுவதைப் போலவே தானாக இறங்குவதையும் நீங்கள் காண்பீர்கள். செய்தி நாளுக்கு ஒரு வேளை போதும், படுக்கைக்கு முன் வேண்டாம். உறக்கமும் அன்றாட வேலையும் கெடுகிற அளவுக்கு இது நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய பதற்றத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: “காய்ச்சல் அடிக்கிறதா, தொட்டுப் பாருங்கள்” என்று என் மனைவி ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் “இல்லை” என்று சொல்லியே வருகிறேன். இது சரிதானா?
- வாசகர், மதுரை

பதில்: உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் முதல் வாசகிக்கு ஆக்சிமீட்டர் எப்படியோ, உங்கள் மனைவிக்கு உங்கள் உள்ளங்கை அப்படி. சட்டென்று நிறுத்தினால் கைவிட்டதாக எண்ணுவார். ஆகவே அவர் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில் இருவரும் பேசி, நாளுக்கு ஒரு முறை மட்டும் தொட்டுப் பார்ப்பது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளில் அவர் கேட்கும்போது “இல்லை” என்பதற்குப் பதிலாக, “பயமாக இருக்கிறதா? வா, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்” என்று சொல்லி உடன் அமருங்கள்.