மூன்று இடத்துக் காசில் ஒரு பஸ் ஆய்வை நடத்துவது எப்படி?

கேள்வி இது: பொதுப் போக்குவரத்து ஆய்வு ஒன்றுக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து நிதி வரப்போகிறது, எப்படிச் சமாளிப்பது, தனியாக ஒரு கணக்காளர் வேண்டுமா?

மட்டக்களப்பில் அப்படியொரு ஆய்வுக்கு நான் நான்கு வருடம் இணைப்பாளராக இருந்தேன். பல்கலைக்கழக ஆய்வு நிதி கொஞ்சம், அரச மானியம் ஒன்று, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் டொலர். மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது பெரிய தொகையாகத் தெரிந்தது. ஆனால் அவை கூடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, ஒரு படிவம், ஒரு கணக்காய்வாளர்.

எங்கள் ஆய்வின் கேள்வி எளிது. வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் கல்முனை வீதியில் நின்றால் இ.போ.ச.வும் (அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை) தனியாரும் போட்டி போட்டு வருவார்கள். வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போனால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு அன்றைய வேலையே போய்விடும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதற்குப் பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களின் பயணம் எவ்வளவு மாறியது, நாங்கள் களத்தில் இருந்த காலத்திலும் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறியே குருமண்வெளிக்கு வந்துகொண்டிருந்த மண்டூர்க்காரருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நினைத்தோம்.

முதல் வருடம் நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யவேண்டாம். எல்லாச் செலவையும் 40, 30, 30 என்று மூன்றாகப் பிரித்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள் வான் வாடகைக்கு மூன்று வவுச்சர். பற்றுச்சீட்டோ ஒன்று. மூலச்சீட்டு எங்களுக்குத்தான் வேண்டும் என்று மூன்று இடத்திலும் கேட்டார்கள். போட்டோப்பிரதியில் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்து... அந்த டிசம்பரில் ஆய்வு என்று நாங்கள் எதையும் செய்யவில்லை.

இரண்டாம் வருடம் செலவைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு வேலையைப் பிரித்தோம். பஸ் தரிப்பிடங்களின் நிலை, எழுதியிருக்கும் நேர அட்டவணைக்கும் உண்மையில் பஸ் வரும் நேரத்துக்கும் உள்ள தூரம், இவை பல்கலைக்கழக நிதியில். மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுக்கும் அது பொருந்தியது. கல்முனை வீதியில் பஸ்ஸுக்குள் ஏறிப் பயணிகளை எண்ணுவது அரச மானியத்தில். படுவான்கரை வீடுகளில் நேர்காணல் டொலரில். எண்ணப்போகும் தம்பி காலையில் வீட்டை விட்டு இறங்கும்போதே அன்றைய நாள் எந்தப் பையில் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு நாளில் இரண்டு பை கிடையாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்தால் பாதித் தலையிடி குறையும்.

ஆனாலும் டிக்கெட் பிரச்சினை வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஆறேழு பஸ் ஏறி இறங்குவார்கள். தனியார் பஸ் கொண்டக்டர் பெரும்பாலும் டிக்கெட் கிழிப்பதில்லை, காசை வாங்கி விரலிடுக்கில் மடித்து வைத்துக்கொள்வார். கணக்காய்வில் ஒவ்வொரு பயணத்துக்கும் சான்று கேட்டார்கள். கடைசியில் ஒரு தாள் அச்சடித்தோம்: பஸ் இலக்கம், ஏறிய இடம், நேரம், இறங்கிய இடம், நேரம், கொடுத்த கட்டணம், கீழே கையெழுத்து. இதை ஏற்பதாக முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் அந்தத் தாள்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் எத்தனை நிமிட இடைவெளி, எந்தச் சந்தியில் ஆள் சேரும்வரை நிறுத்தி வைக்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. காசு கேட்பதற்காக நிரப்பிய தாள்தான் எங்களிடம் இருந்த மிகச் சுத்தமான தரவு. உடனே அடுத்த கேள்வி, அந்தத் தரவு யாருடையது? அரச மானியத்தில் வந்தது, டொலர்க்காரரின் அறிக்கைக்குத் தேவைப்பட்டது. இருவருக்கும் எழுதிக் கேட்டு, இருவர் பெயரையும் நன்றியுரையில் போட்டோம். கேட்காமல் எடுத்திருந்தால் சிக்கியிருப்போம்.

நாட்காட்டி இன்னொரு வில்லங்கம். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். எங்கள் வெளிநாட்டு நிதி ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. அரசுப் பணம் கைக்கு வரச் சித்திரை தாண்டிவிடும், செலவழிக்காத மிச்சம் வருட முடிவில் திரும்பிப் போய்விடும். அதனால் எல்லோரும் நவம்பர், டிசம்பரில் ஓடுவார்கள். இங்கே அதுதான் மாரி. படுவான்கரையில் வீதிகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும் நாளில் பயணிகளை எண்ணி என்ன பயன்? (பயன் உண்டு, ஆனால் அது வேறு ஆய்வு.) ஆகவே தரவு பதிவது, வரைபடம் வரைவது போன்ற மேசை வேலையை அந்த மாதங்களுக்கு என்று முதலிலேயே ஒதுக்குங்கள். பாடசாலை விடுமுறை, நோன்பு காலம், அறுவடை, மண்டூர்த் திருவிழா, கொக்கட்டிச்சோலைத் தேர் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து, அதன்மேல் நிதித் திகதிகளை எழுதுங்கள். மாறிச் செய்யாதீர்கள்.

நாட்டின் பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டீசல் 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. ரூபாயில் வந்த மானியத்தில் வான் வாடகை பழைய விலைக்கே எழுதியிருந்தது. டொலரோ 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்து 360வரை போனது. ஒரு பை வறண்டுகொண்டு போக, மற்றது ஊதியது. இதிலிருந்து எடுத்து அதில் போடலாமே என்று ஆசை வரும். போடக்கூடாது. நாணய மாற்றத்தில் கூடுதலாக வந்ததும் கொடுத்தவரின் பணம்தான், அதை எதில் செலவிடுவது என்று அவரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். நாங்கள் கேட்டோம். நேர்காணல் கிராமங்களைக் கூட்டச் சம்மதித்தார்கள். வானை விட்டுவிட்டு எண்ணும் பிள்ளைகளைச் சைக்கிளில் சந்திக்கு அனுப்பினோம். எண்ணுவதற்கு ஓடிய பஸ்ஸும் அப்போது குறைவு.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1962இல் தொடங்கிய நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தில் மாநிலங்கள் தங்கள் பங்கை ஒரே குடத்தில் ஊற்றுகின்றன, எந்தக் கேள்வியை ஆராய்வது என்று கூடி முடிவெடுக்கின்றன. பொதுப் போக்குவரத்துக்கான அதன் தம்பி 1992இல் வந்தது. காசு கொடுப்பது ஒருவர், ஆய்வை நடத்துவது இன்னொருவர். நமக்குக் குடம் கிடைக்காது. ஆனால் கொடுத்த மூவரையும் வருடத்தில் ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். எங்களுக்கு அது மூன்றாம் வருடம்தான் தோன்றியது. அந்தக் கூட்டத்தில்தான் இரண்டு பேர் ஒரே டெப் கணினிகளுக்குப் பணம் தரத் தயாராக இருந்தது தெரிந்தது.

அனுமதிக் கடிதங்களும் இப்படித்தான் மூன்று இடம்: டிப்போக்களுக்கு இ.போ.ச., மாகாணத்துக்குள் ஓடும் தனியாருக்கு மாகாண அதிகார சபை, கொழும்பு பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. முதல் மாதமே போடுங்கள்.

சரி, கணக்காளர். வேண்டும், அரைநாள் வேலைக்காவது வேண்டும். அந்தச் சம்பளத்தை மூன்று முன்மொழிவிலும் அரைகுறையாக ஒளித்து வைக்காமல், ஒன்றில் முழுதாகக் கேளுங்கள். யாரிடம் கேட்பது என்றால், நேரப்பதிவுத் தாள் மிக அதிகமாகக் கேட்கும் ஆளிடம். பிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். எங்களுக்குத் தரவில்லை, கடைசி இரண்டு வருடமும் இரவில் இருந்து வவுச்சர் ஒட்டியது நான்தான்.