வீட்டில் அசெம்பிள் செய்யும் 5.1 ஹோம் தியேட்டருக்கு எந்த ப்ரீ ஆம்ப் வாங்குவது? ப்ரோலாஜிக் போர்டா, டிகோடரா, பழைய ரிசீவரா?

கேள்வி கேட்ட தம்பி மண்டபம் பக்கம், வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்கிறார். ஐந்து சேனலுக்கும் டிடிஏ 7294 போர்டு, சப் ஊஃபருக்கு 5200 - 1943 ட்ரான்சிஸ்டர் போர்டு, ட்ரான்ஸ்பார்மர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ப்ரீ ஆம்ப், அதாவது டிவியிலிருந்து வரும் சத்தத்தைச் சேனல் சேனலாகப் பிரித்து இந்த ஆம்ப் போர்டுகளுக்கு அனுப்பும் முன் பகுதி, மட்டும் பாக்கி. கடைக்காரர் ரிமோட்டோடு வரும் ப்ரோலாஜிக் போர்டே போதும் என்கிறாராம், நண்பர்கள் டிஜிட்டல் சத்தத்தை ஆறு சேனலாகப் பிரிக்கும் டிகோடர் இல்லாமல் 5.1 என்று சொல்லாதே என்கிறார்களாம்.

தம்பி, போர்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் டிவியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆப்டிகல் அவுட் இருக்கிறதா, எச்டிஎம்ஐ சாக்கெட்டில், டிவி சத்தத்தை வெளியே அனுப்பும் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா, இல்லை ஹெட்போன் ஓட்டை மட்டும்தானா? எந்த ப்ரீ ஆம்ப் என்பதில் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். டிவியிலிருந்து இரண்டு சேனல்தான் வெளியே வருகிறது என்றால் எவ்வளவு காசு போட்டு டிகோடர் வாங்கினாலும் அதற்கு டிகோடு செய்ய ஒன்றும் கிடைக்காது.

முதலில் ப்ரோலாஜிக் போர்டு. பெயர்தான் ப்ரோலாஜிக், உள்ளே இருப்பது சத்தத்தைக் கூட்டிக் கழிக்கும் நாலைந்து 4558 ஐசி. இடதையும் வலதையும் கூட்டி சென்டருக்குக் கொடுக்கும், இடதிலிருந்து வலதைக் கழித்துப் பின்னால் கொடுக்கும், அடி சத்தத்தை மட்டும் விடும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டு சப்புக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். டால்பி 1982-ல் வீடுகளுக்குக் கொண்டுவந்த முதல் சரவுண்ட் முறை கிட்டத்தட்ட இந்தக் கழித்தல் வேலைதான். 1987-ல் வந்த நிஜமான ப்ரோலாஜிக், எந்தப் பக்கம் சத்தம் தூக்கலாக வருகிறது என்று பார்த்து மற்ற சேனல்களை அந்த நொடியில் அடக்கும், கடையில் கிடைக்கும் போர்டுகளில் அந்த வேலை நடப்பதில்லை. பின்னால் போவது ஒரே ஒரு கழித்தல் சேனல் என்பதால் அங்கே இரண்டு ஸ்பீக்கர் வைத்தாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். கார் இடது பின்பக்கமாகப் போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அதைக் கேவலமாகச் சொல்லவும் மனசு வரவில்லை. எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை நல்ல ஸ்டீரியோ பதிவில் இந்த போர்டு வழியாகப் போட்டால், குரல் நடுவில் நின்றுவிடும், வயலின்களும் எதிரொலியும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், கேட்க நன்றாகவே இருக்கும். வீட்டில் பாட்டும் யூடியூபும்தான் அதிகம், படம் எப்போதாவது என்றால் கடைக்காரர் சொல்வது சரி. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

உங்கள் கேள்வியில் படம், அதுவும் ஓடிடி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டிகோடர்தான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ எல்லாம் 5.1 அனுப்புவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில். மலிவான டிகோடர் போர்டுகள் பலவற்றுக்குப் பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும்தான் தெரியும், பிளஸ் தெரியாது. ஆப்டிகல் வயரும் பிளஸ்ஸைச் சுமக்காது. ஆகவே டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும், நிறைய டிவிகள் தரும். சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் (ஆப்டிகலில் வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோ) என்று இருப்பதை டால்பி டிஜிட்டல் என்று மாற்றினால் போதும். பிசிஎம்மிலேயே விட்டுவிட்டு டிகோடர் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். பென் டிரைவில் டிடிஎஸ் படம் பார்ப்பவர் என்றால் டிவி அதை வெளியே விடுகிறதா என்றும் பாருங்கள், சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் இவையெல்லாம் ஆப்டிகலில் போகாது, அதற்கு எச்டிஎம்ஐ வேண்டும். இந்த பட்ஜெட்டில் அதை மறந்துவிடலாம்.

டிகோடர் போர்டில் எத்தனை லைட் எரிகிறது, ப்ளூடூத் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பேஸ் மேனேஜ்மென்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், அதாவது ஸ்பீக்கர் சைஸை ஸ்மால் என்று வைக்க முடியுமா, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாச் சேனலிலிருந்தும் பிடுங்கி சப்புக்குத் தள்ளுமா என்று. பல போர்டுகளில் சப் அவுட்டில் படத்தில் தனியாக வரும் 0.1 சேனல் மட்டும்தான் வரும், அது வெடி, இடி வரும்போது மட்டும் பேசும். பாட்டு போட்டால் சப் செத்துக் கிடக்கும், நான்கு இஞ்ச் ஸ்பீக்கர் அடி சத்தத்தைத் தூக்க முடியாமல் முனகும். அடுத்தது டிலே. சத்தம் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். முன் ஸ்பீக்கர் பத்தடி, பின் ஸ்பீக்கர் மூன்றடி என்றால் பின்னால் ஆறு மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். நம் ஊர் ஹாலில் சோபா சுவரை ஒட்டித்தானே கிடக்கிறது, அதனால் இது உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

டிகோடருக்குப் பிறகு தனியாக இன்னொரு ப்ரீ ஆம்ப், பேஸ் ட்ரெபிள் போர்டு என்று அடுக்க வேண்டாம். டிடிஏ 7294 அதன் டேட்டா ஷீட்டில் உள்ள சர்க்யூட்டிலேயே 30 டெசிபல், அதாவது முப்பது மடங்குக்கு மேல் பெருக்கும், முக்கால் வோல்ட் வந்தாலே எட்டு ஓம் ஸ்பீக்கரில் ஐம்பது வாட்டைத் தாண்டிவிடும். டிகோடர் அதைச் சுலபமாகத் தரும். நடுவில் இன்னும் பெருக்கினால் கூடுவது ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல்தான். வேண்டியது ஆறு சேனலையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் வால்யூம் மட்டும், டிகோடரிலேயே ரிமோட் வால்யூம் இருந்தால் அதே போதும், இல்லாவிட்டால் பிடி 2258 என்ற ஆறு சேனல் வால்யூம் ஐசி போட்ட சின்ன போர்டு.

மூன்றாவது வழி ஒன்று நம் பக்கத்தில் மட்டும் சுலபம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளிகள் துபாயிலும் சவூதியிலும் இருந்து கொண்டுவந்த, டிகோடரும் ஆம்பும் ஒரே பெட்டியில் உள்ள ஏவி ரிசீவர்கள் பரணில் தூங்குகின்றன. பின்னால் ஐந்து சேனலுக்கும் ப்ரீ அவுட், அதாவது உள்ளே உள்ள ஆம்புக்குப் போகும் முன்னாலேயே சத்தத்தை வெளியே எடுக்கும் சாக்கெட், இருக்கும் மாடல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். டிகோடர், டிலே, பேஸ் மேனேஜ்மென்ட் எல்லாம் எந்த சீன போர்டையும் விட ஒழுங்காக இருக்கும். விலை குறைந்த மாடல்களில் சப்புக்கு மட்டும்தான் ப்ரீ அவுட் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. எச்டிஎம்ஐ போன செட் என்றால் விலையை அடித்துப் பேசி வாங்கலாம், ஆப்டிகல் வேலை செய்தால் போதும். ஆனால் உள்ளே ஆம்ப் எரிந்தது என்று சொன்னால் வேண்டாம், ப்ரொடெக்‌ஷனில் போய் நின்றுகொள்ளும், ப்ரீ அவுட்டிலும் ஒன்றும் வராது. சவூதிப் பெட்டி என்றால் பின்பக்கத் தகட்டில் வோல்டேஜைப் படியுங்கள். 110 அல்லது 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கலாம். அதை நேராக நம் பிளக்கில் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

சரி, இப்போது உப்புக் காற்று. சென்னை, கோயம்புத்தூரில் இருப்பவர்கள் எழுதுவதில் இது இருக்காது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபம் முகாமில் துருவைச் சோதிக்க ஒரு நிலையமே நடத்தியிருக்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே போர்டு சாவதை விட கான்டாக்ட் சாவதுதான் அதிகம். கார்பன் வால்யூம் கண்ட்ரோல் ஒரு மழைக்காலம் தாண்டினாலே கரகர என்று கத்தும், ஆர்சிஏ சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும், ஒரு சேனல் வரும், போகும், தட்டினால் வரும். அதனால் திருகும் வால்யூம் வேண்டாம், ஐசி வால்யூம்தான். போர்டுக்குப் போர்டு ரெலிமேட் கனெக்டரில் செருகுவதற்குப் பதில் வயரை நேராக சால்டர் செய்துவிடுங்கள். டிவியிலிருந்து ஆப்டிகல் எடுங்கள், அதில் உலோகக் கான்டாக்டே இல்லை. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே கிரவுண்ட் சேராததால் ஹம் என்ற உறுமலும் ஒரு வழியில் குறையும்.

சால்டர் முடிந்ததும் ஃப்ளக்ஸை ஐசோ ப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள், அந்தப் பிசின் ஈரத்தையும் உப்பையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு போர்டுக்கு அடிக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரே கிடைக்கிறது, சாக்கெட்டுகளையும் ரிமோட் சென்சாரையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். பவர் ஆம்புக்கு ஃபேன் வைப்பீர்கள், அந்த ஃபேன் வெளிக்காற்றோடு உப்பையும் உள்ளே இழுக்கும், அதனால் ப்ரீ ஆம்பையும் டிகோடரையும் தனியாக மூடிய அலுமினியப் பெட்டியில் வையுங்கள். இரும்பு கேபினட் வேண்டாம், பெயின்ட் எங்கே கீறியதோ அங்கே ஆரம்பிக்கும்.

அதே பெட்டியில் ப்ரீ ஆம்புக்குத் தனி 12-0-12 ட்ரான்ஸ்பார்மர் போடுங்கள், பவர் ஆம்ப் ட்ரான்ஸ்பார்மரிலிருந்து ரெசிஸ்டர் வைத்து இறக்காதீர்கள். யூஎஸ்பி ப்ளூடூத் பேனல் ஒன்று சேர்த்தே தீருவீர்கள், எல்லாரும் சேர்க்கிறார்கள். அதற்கு 5 வோல்ட்டை பி 0505 எஸ் மாதிரி, கிரவுண்டைப் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேட்டட் மாட்யூல் வழியாகக் கொடுத்தால் கிர்ர் சத்தம் அடங்கும், பேனல் அதிகக் கரன்ட் இழுத்தால் பெரிய மாட்யூல். அப்புறம் வீட்டு எர்த்தைப் பாருங்கள், கடற்கரை மண்ணில் எர்த் கம்பி துருப்பிடித்துப் போயிருப்பது இங்கே சகஜம், கேபினட்டைத் தொட்டால் சுர் என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ப்ரீ ஆம்ப் அப்புறம்.

என் தேர்வு கேட்டால்: ப்ரீ அவுட் உள்ள பழைய ரிசீவர் ஊருக்குள் கிடைக்கிறதா என்று பத்து நாள் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பேஸ் மேனேஜ்மென்ட் உள்ள ஆப்டிகல் டிகோடர். மிச்சக் காசை சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள், படத்தில் வசனம் பெரும்பாலும் அங்கேதான் வரும். மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கப் போகும்போது, ஒவ்வொரு சேனலாகப் பேர் சொல்லும் 5.1 டெஸ்ட் ஃபைல் ஒன்றை, டால்பி டிஜிட்டலில் உள்ளதாகப் பார்த்து, பென் டிரைவில் கொண்டு போங்கள். கடை டிவியில் போட்டு ஆப்டிகல் வழியாக எடுத்து, லெஃப்ட் சரவுண்ட் என்று சொல்லும்போது அந்த ஒரு சாக்கெட்டில் மட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எல்லாச் சாக்கெட்டிலும் வந்தால், முதலில் டிவி பிசிஎம்மில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றிய பிறகும் அப்படியே வந்தால் அது டிகோடர் பெட்டிக்குள் வைத்த ப்ரோலாஜிக் போர்டு.