பத்துக்கு ஏழு

அன்புள்ள சார்,

கோவையில் ஐடி வேலை பார்க்கிறேன். இரவுகளில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு திரைக்கதை எழுதினேன், 112 பக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனி. கம்பெனியைச் சோதனையிட அமெரிக்க பையரின் ஆடிட்டர் வரப்போகும் வாரத்தில் டையிங் யூனிட்டில் ஒருவர் இறந்துவிடுகிறார். அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு பெண் சூப்பர்வைசர் தலையில் விழுகிறது. இதுதான் கதை.

‘தி பிளாக் லிஸ்ட்’ தளத்தில் ஏற்றி, பணம் கட்டி இரண்டு மதிப்பீடுகள் வாங்கினேன். ஒருவர் 7 கொடுத்தார், இன்னொருவர் 5. நடுவில் ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை. முதலாமவர் ‘மெல்ல மெல்ல இறுகும் பதற்றம்’ என்கிறார். இரண்டாமவர் ‘இழுவை’ என்கிறார். யாரை நம்புவது? மூன்றாவது ஒன்று வாங்கிப் பார்க்கலாமா? வருடாவருடம் வெளியாகும் பிளாக் லிஸ்ட் பட்டியலில் வர எத்தனை மதிப்பெண் வேண்டும்? திரைக்கதைகளை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கு மெயில் போடும்போது அந்த 7ஐக் குறிப்பிடலாமா? இரண்டு மதிப்பீடுகளையும் இணைத்திருக்கிறேன். வெளியிடுவதாக இருந்தால் பெயர் வேண்டாம்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

பட்டியலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பட்டியலில் வர முடியாது. பட்டியலும் தளமும் வேறு வேறு. 2005இல் ஃபிராங்க்ளின் லியனார்ட், லியனார்டோ டிகாப்ரியோவின் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப்போலத் திரைக்கதை வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பி, அந்த வருடம் படித்ததில் பிடித்த, இன்னும் படமாகாத திரைக்கதைகள் எவை என்று கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்துத் திருப்பி அனுப்பினார். அதுதான் அந்தப் பட்டியல். ‘ஆர்கோ’, ‘ஸ்பாட்லைட்’ எல்லாம் படமாவதற்கு முன்பு அதில் இருந்தவை. ஆனால் பட்டியலில் வரும் திரைக்கதைகளில் பெரும்பாலானவை ஏற்கனவே ஏஜென்ட் வழியாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பவை. பட்டியலில் வந்தவற்றிலேயே பாதிக்கு மேல் இன்னும் படமாகவில்லை.

நீங்கள் பணம் கட்டிய தளம் 2012இல் ஆரம்பித்தது. அதே மனிதர், அதே பெயர், வேறு கடை. உள்ளே போக ஏஜென்ட் இல்லாதவர்களுக்காகத் திறந்தது. பட்டியலின் புகழ் தளத்துக்கு விளம்பரமாக அமைந்துவிட்டதால் நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். நமக்கெல்லாம் பத்துக்கு ஏழு என்றால் எழுபது சதவீதம், முதல் வகுப்பு. பத்துக்கு ஐந்து என்றால் ஏதோ பாஸ். இந்தப் பழக்கத்தோடு அந்தப் பக்கத்தைத் திறந்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். அங்கே திரைக்கதையைப் படித்து மதிப்பிடும் ரீடரிடம் கேட்கப்படும் கேள்வி, இந்தத் திரைக்கதை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதல்ல. ‘இதை உன் மேலதிகாரிக்கோ கூட வேலை பார்ப்பவருக்கோ படிக்கச் சொல்லிக் கொடுப்பாயா?’ என்பதே. ஓவரால் என்று மேலே போட்டிருக்கும் எண் அந்தக் கேள்விக்கான பதில். கீழே கருவுக்கும் கதைப்போக்குக்கும் பாத்திரங்களுக்கும் வசனத்துக்கும் களத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களே, அவற்றின் சராசரிகூட இல்லை அது. உங்கள் முதல் மதிப்பீட்டில் களத்துக்கு 9, கருவுக்கு 8 இருந்தும் மொத்தம் 7தான் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஹாலிவுட்டில் ‘கவரேஜ்’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஸ்டுடியோவுக்கோ ஏஜென்சிக்கோ வரும் திரைக்கதைகளை ரீடர் படித்து, கதைச் சுருக்கமும் தன் கருத்துமாகச் சில பக்கம் எழுதி, முதல் பக்கத்தில் மூன்று சொற்களில் ஒன்றைப் போடுவார்: பாஸ், கன்சிடர், ரெகமெண்ட். அங்கே பாஸ் என்றால் ‘வேண்டாம்’. வருவதில் மிகப் பெரும்பான்மை பாஸ்தான். ரெகமெண்ட் என்று எழுதினால் அந்த ரீடர் தன் பெயரை அடகு வைக்கிறார் என்று அர்த்தம். முதலாளி அதை நம்பி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டுத் திங்கட்கிழமை ‘இதையா படிக்கச் சொன்னாய்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் கை லேசில் எழாது. தளத்தில் உங்களைப் படித்தவர்களும் இந்தப் பட்டறையில் பழகியவர்களே. அவர்கள் 8 போடுவது ரெகமெண்டுக்குப் பக்கத்தில் வரும். 8 வந்தால் தளமும் அந்தத் திரைக்கதையைத் தன் உறுப்பினர்களான தயாரிப்பாளர்கள், ஏஜென்ட்டுகள் கண்ணில் படும்படி முன்னால் வைக்கிறது. இலவசமாக மேலும் மதிப்பீடுகளும் தருகிறது.

ஆக, நடைமுறையில் அங்கே இரண்டே மதிப்பெண்கள்தான். எட்டும் அதற்கு மேலும் ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. 7 என்பது மனசை அலைக்கழிக்கும் எண், ஒப்புக்கொள்கிறேன். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று தோன்றும். ஆனால் கதவுக்கு வெளியே 7ம் 5ம் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

ஒரே டிராஃப்டுக்கு 7ம் 5ம் எப்படி வரும் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வரத்தான் செய்யும். சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும் இரண்டு பேருக்குள் இதைவிடப் பெரிய சண்டை நடக்கிறது. எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. நீங்கள் அனுப்பிய இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எண்ணை விட்டுவிடுங்கள். இரண்டிலும் ‘லாக்லைன்’ என்ற பகுதி இருக்கிறது பாருங்கள், ரீடர் உங்கள் கதையைத் தன் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதும் இடம். நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அனேகமாக, உங்கள் கதைதானே, உங்களுக்குத் தெரியாததா என்று தாண்டிப் போயிருப்பீர்கள்.

7 போட்டவர் எழுதியிருப்பது: வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மரணத்தை மறைக்கும் சூப்பர்வைசர், இறந்தவரின் மனைவியைத் தினமும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 5 போட்டவர் எழுதியிருப்பது: திருப்பூருக்கு வரும் ஓர் அமெரிக்க ஆடிட்டர், எல்லாரும் சேர்ந்து மறைக்கும் ஒரு மரணத்தைக் கண்டுபிடிக்கிறார்.

இரண்டு பேரும் இரண்டு படம் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் படத்தில் கதாநாயகி உங்கள் சூப்பர்வைசர். இரண்டாமவர் படத்தில் அவள் ஒரு துணைப்பாத்திரம், நாயகன் ஆடிட்டர். அப்படிப் படித்தவருக்கு ஆடிட்டர் வருவதற்கு முன்பான ஐம்பது பக்கமும் இழுவையாகத்தானே தெரியும்? அவர் நாயகன் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. சூப்பர்வைசரைப் பின்தொடர்ந்தவருக்கு அதே ஐம்பது பக்கம் பதற்றம். ஆக ‘இறுகும் பதற்றம்’, ‘இழுவை’ இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம்.

கோளாறு எங்கே என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பலவீனங்கள் பகுதியில் 7 போட்டவர், பிற்பாதியில் அவள் ‘நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ என்கிறார். 5 போட்டவர், ஆடிட்டர் வந்த பிறகுதான் கதை வேகமெடுக்கிறது என்கிறார். ஆடிட்டர் வந்ததும் நீங்கள் கதையின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். கேள்வி கேட்பவர் அவர், கதவைத் திறப்பவர் அவர், ரெஜிஸ்டரைப் புரட்டுபவர் அவர். உங்கள் பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். பாராட்டில் ஒத்துப்போகும் ரீடர்களைவிட இப்படி வேறு வேறு பாதையில் வந்து ஒரே பக்கத்தில் தடுக்கி விழும் ரீடர்கள்தான் உபயோகமானவர்கள். இது வெறும் எண்ணில் தெரியாது.

களத்துக்கு இருவருமே நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், 9ம் 8ம். அதில் ரொம்பப் பூரித்துவிட வேண்டாம். சாயப்பட்டறையையும் நொய்யலையும் முதல்முறை பார்க்கும் ஒரு லாஸ் ஏஞ்சலிஸ்காரருக்கு எல்லாமே புதிது. திருப்பூரில் பத்து வருடம் கட்டிங் டேபிளில் நின்ற ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தீர்களா? அவர் சொல்லும் பிழைகளுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் ‘பிராஸ்பெக்ட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அது வியாபாரம். இதற்கு என்ன செலவாகும், யார் வாங்குவார்கள் என்ற ஊகம். உங்கள் ரீடர்கள் இருவருமே பெரிய நட்சத்திரத்துக்கு இடமில்லாத, திரைப்பட விழா வழியாகப் போக வேண்டிய சின்னப் படம் என்கிறார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கச் சந்தையில் இந்தக் கதைக்கு உள்ள இடம் அதுதான், நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, மூன்றாவது வாங்கலாமா? இதே டிராஃப்டுக்கு என்றால் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுநீளத் திரைக்கதைக்கு ஒரு மதிப்பீடு 100 டாலர். தளத்தில் வைத்திருக்க மாதம் 30 டாலர் தனி. ஒரு பேச்சுக்கு, உங்கள் திரைக்கதையைப் பத்து ரீடரில் ஒருவர் 8 போடும் அளவுக்கு விரும்புவார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏழு மதிப்பீடு வாங்கினால் ஒரு முறையாவது 8 கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 700 டாலர் கட்டினால் கிட்டத்தட்டப் பூவா தலையா. விழுந்தாலும் திரைக்கதை ஒரு வரிகூட மாறியிருக்காது. பிடிக்காத மதிப்பீடுகளை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்ள வழி இருப்பதால் இந்த ஆசை இன்னும் கூடுகிறது. எட்டு வரும்வரை வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். தளத்தைக் குறை சொல்ல மாட்டேன், விலையை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வியாபாரத்தில் பணம் கட்டுபவர் எழுதுகிறவர், வாங்குகிறவர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டை எடுங்கள்.

பிற்பாதியைத் திருத்தி எழுதியபின் வாங்கினால் அது வேறு விஷயம். அப்போதும் எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் லாக்லைன். புது ரீடரின் லாக்லைனில் ‘சூப்பர்வைசர்’ எழுவாயாக இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் திருத்தம் வேலை செய்திருக்கிறது, அவர் 6 போட்டிருந்தாலும்.

அமெரிக்கப் போட்டிகளில் நிக்கோல் ஃபெலோஷிப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்கர் தரும் அகாடமியே நடத்துவது. தேர்வானால் 35,000 டாலர். 2025 முதல் பொதுமக்களுக்கான விண்ணப்பம் இதே பிளாக் லிஸ்ட் தளம் வழியாகத்தான் போகிறது. அதனால் இந்தத் தளத்தை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது.

இங்கே நம்மூரில் எண் போடும் வழக்கமே இல்லை. சென்னையில் கதை சொல்லத்தான் வேண்டும். அரை மணி நேர நரேஷனில் இருபது நிமிடம் தயாரிப்பாளரின் போன் அடிக்கும். ‘நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்பறேன்’ என்பார்கள். அது 7ஆ 5ஆ என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆகும். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தால் கிடைப்பது, இந்தத் தேதியில் இது உங்களிடம் இருந்தது என்பதற்கான சாட்சி மட்டுமே, தரச் சான்றிதழ் இல்லை. சிலர் அந்தப் பதிவு எண்ணைப் பரிசு வாங்கியதுபோலக் காட்டுகிறார்கள். என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் லேப் போன்றவற்றில், தேர்வானால், வழிகாட்டி ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசுவார். ‘ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்கலாம். பணம் கட்டி வாங்கும் மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை. உங்கள் கதைக்கு அது பொருத்தமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

மெயிலில் 7ஐப் போடாதீர்கள். 8 வந்திருந்தால் ஒரு வரியில் சொல்லலாம், அது ஏஜென்ட்டுக்குப் புரியும் மொழி. 7 என்று பார்த்ததும் அவர் மனதில் ஓடுவது ‘ஆக, எட்டு வரவில்லை’ என்பது மட்டுமே. அதற்குப் பதில், முதல் ரீடர் உங்களுக்காக எழுதிக் கொடுத்த அந்த லாக்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் மனைவியைத் தினமும் எதிர்கொள்ளும் சூப்பர்வைசர். உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன கதைச் சுருக்கத்தில் அந்த மனைவியே இல்லை. நான் ஏஜென்ட்டாக இருந்தால் அந்த ஒரு வரிக்காகவே திரைக்கதையைக் கேட்டு எழுதுவேன்.

திருத்தி எழுதும் மாதங்களில் ஹோஸ்டிங்கை நிறுத்தி வையுங்கள். பழைய டிராஃப்டை அங்கே தொங்கவிட மாதாமாதம் 30 டாலர் கட்ட வேண்டியதில்லை.