சென்னை வெள்ளத்தில் கார் மூழ்கினால் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருந்தால் போதுமா?

மடிப்பாக்கத்தில் புதிதாக வீடு வாங்கியிருப்பதாகவும், கார் நிறுத்தும் இடம் தெருவைவிடத் தாழ்வாக இருப்பதாகவும், இரண்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் காருக்கு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருப்பதால் மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிண்டிப் பக்கம் ஒரு கார் பணிமனையில் கிளைம் வேலைகளைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பாலிசியில் உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா, இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் பாதுகாப்பு (இன்ஜினுக்குள் நீர் புகுந்து வரும் சேதத்துக்கானது) சேர்க்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் உங்கள் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

முதலில் தேதி. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கான தேர்டு பார்ட்டி காப்பீடு (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம் ஆனது. ஆகவே ஷோரூமில் பெரும்பாலும் கொடுப்பது, மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டியும் ஓராண்டு ஓன் டேமேஜும் சேர்ந்த ஒரே பாலிசி. இரண்டுக்கும் முடிவுத் தேதி வெவ்வேறு என்பதைக் கவனிக்காமல், மூன்று ஆண்டுகள் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். போக்குவரத்துக் காவலர் நிறுத்திக் கேட்டால் அந்தப் பாலிசி செல்லும்; வெள்ளத்தில் மூழ்கிய உங்கள் காருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வண்டியை இழுத்துவந்து நிறுத்திவிட்டு, ஓன் டேமேஜ் முந்தைய ஆண்டே முடிந்துபோனதை எங்கள் மேசையில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. உங்கள் காருக்கு இரண்டு ஆண்டு ஆகிறது என்பதால் இதை இன்றே பார்த்துவிடுங்கள். இடையில் விட்டுப்போயிருந்தால் வண்டியை ஆய்வு செய்த பிறகே மீண்டும் பாலிசி தருவார்கள்; புயல் எச்சரிக்கை வந்த நாளில் அதற்கு ஆள் கிடைப்பது அரிது. விட்டுப்போய் 90 நாள் கடந்திருந்தால் கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும்.

அடுத்தது இன்ஜின். பெரிய தொகைக்கான தகராறுகள் பெரும்பாலும் இங்கேதான் எழுகின்றன. ஓன் டேமேஜ் பாலிசி வெள்ளம், புயல், நீர் சூழ்தல் ஆகியவற்றால் நேரடியாக ஏற்படும் சேதத்தை ஏற்கும்; நனைந்த இருக்கைகள், தரைவிரிப்பு, ஒயரிங், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் தொடர்விளைவாக வரும் இழப்பையும் இயந்திரக் கோளாறையும் அதே பாலிசி விலக்கிவைக்கிறது. நீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் காற்றை இழுக்கும் வழியாக நீரையும் உள்ளே இழுக்கிறது. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. மேலே வரும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று சர்வேயர், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர், எழுதும் இந்தச் சேதத்தை, வெள்ளம் செய்ததல்ல, வண்டியை இயக்கியதால் வந்தது என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுப்பது வழக்கம்.

அப்படிச் சேதமடைந்து வந்து நாங்கள் பிரித்த ஓர் இன்ஜினின் நான்கு ராடுகளையும் மேசைமேல் வரிசையாக அடுக்கிவைத்தோம். மூன்று நேராக இருந்தன. நான்காவது, இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத அளவுக்கு நடுவில் வளைந்திருந்தது. சர்வேயர் அதைத் தொடக்கூட இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஊறி உப்பிய காகித மடிப்புகளுக்கு இடையே படிந்திருந்த சேற்றைப் படம் எடுத்துக்கொண்டு, “நீரில் எத்தனை முறை செல்ஃப் அடித்தீர்கள் சார்?” என்று மட்டும் கேட்டார். காரின் சொந்தக்காரர், “இரண்டு, மூன்று தடவைதான் சார்” என்றார். இன்ஜினுக்கான தொகை முழுவதும் மறுக்கப்பட்டது. மற்றவற்றுக்குப் பணம் வந்தது.

இன்ஜின் புரொடெக்‌ஷன் இருந்தால் இந்தச் செலவை ஏற்பார்கள். ஆனால் நீர் புகுந்தது தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து சேதத்தைப் பெரிதாக்கினால் பொறுப்பில்லை என்ற வரி பல பாலிசிகளில் இருக்கிறது. எனவே அந்தப் பாதுகாப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சக்கரத்தின் பாதி வரை நீர் வந்து நின்ற காரில் சாவியைத் திருகவே கூடாது. இன்டிகேட்டர் எரிகிறதா என்று பார்ப்பதற்குக்கூட வேண்டாம். நிறுத்திய இடத்திலேயே மூழ்கி, யாரும் ஸ்டார்ட் செய்யாமல் வந்து சேரும் இன்ஜினை, நீரை வெளியேற்றி எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இந்தக் கூடுதல் பாதுகாப்பைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். மடிப்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் வசிப்பவர்கள் இதைத் தவிர்த்துப் பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தொகை தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற கூடுதல் பாதுகாப்பும் உங்களுக்குத் தேவை என்றே நினைக்கிறேன். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் ஏர்பேகுக்கும் பாதி விலையைக் கழித்துக்கொள்வார்கள். வெள்ளத்தில் போவது பெரும்பாலும் இந்த வகைப் பாகங்கள்தான். ஏர்பேகின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே, தரையை ஒட்டியே இருக்கிறது என்பதால், தரைவிரிப்பு மட்டும்தானே நனைந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது, வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோவது ஒன்றுதான். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் அடித்தள வாகன நிறுத்தங்களில் மூழ்கிய கார்களைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீர் உள்ளே வருவதற்குள் பாதுகாப்பாகச் செய்ய முடியுமானால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வண்டியை விட்டுப்போகும் முன் ஒரு படமும், நீர் ஏறிய பிறகு அதன் மட்டமும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி ஒரு படமும் எடுத்துவையுங்கள். வடிந்ததும் முதல் வேலையாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி தூக்கிச்செல்லும் லாரியில் ஏற்றியனுப்புங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இது கட்டாயம்.

பழுதுச் செலவு, பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பான ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். ஐ.டி.வி. 6 லட்சம் என்றால் 4.5 லட்சத்துக்கு மேல் மதிப்பீடு போனாலே அந்த நிலை வந்துவிடும். பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டுத் தந்திருந்தால், இழப்பீடும் அந்த அளவுக்குக் குறைந்துதான் வரும். மறுபுறம், விரிப்பு நனைந்த அளவோடு தப்பித்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து உலர்த்தினால் போதும் என்று பணிமனையில் உறுதியாகச் சொன்னால், கிளைம் போடாமல் கைக்காசைச் செலவழிப்பதே பல நேரங்களில் லாபம். ஒரு கிளைம் போட்டால், அடுத்த புதுப்பித்தலில் நோ கிளைம் போனஸ் தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

கிளைமை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும்; அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நீர்மட்டப் படங்களையும், வண்டி ஸ்டார்ட் செய்யப்படாமல் வந்தது என்று பணிமனையின் வேலைப் பதிவுத் தாளான ஜாப் கார்டில் எழுதிய குறிப்பின் நகலையும் அந்தப் புகாருடன் இணைத்துவிடுங்கள்.